20–60×80 ஸ்கோப்: நாலு குளிர்காலம் கடற்காகங்களோடு

ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்கள், திரைக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்கோப்பை, அதாவது தூரத்துப் பறவையைப் பெரிதாகக் காட்டும் ஒற்றைக் குழாயைப் பார்த்தவுடன் கேட்பது ஒன்றுதான்: "இதுல எவ்வளவு தூரம்ணே தெரியும்?" நிலா வரைக்கும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பொய் இல்லை, நிலாவில் இருக்கிற குழிகள் இதில் நன்றாகவே தெரியும். ஆனால் நான் இதை வாங்கியது தனுஷ்கோடியில் நூறு மீட்டருக்கு அப்பால் மணலில் உட்கார்ந்திருக்கும் கடற்காகங்களை, இங்கிலீஷில் கல் (gull) என்கிற பறவைகளைப் பார்க்க. அதிலும் அந்த வருடம் பிறந்து, முதல் முறையாக இறகு மாற்றிக்கொண்டிருக்கும் குஞ்சுகளைப் பார்க்க. அந்த ஒரே வேலைக்கு நாலு குளிர்காலமாக இதைப் போட்டு அடித்திருக்கிறேன். பக்கத்து ஊர்க் கோபுரம் பார்க்க இது எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிராண்டு பெயர் சொல்லிப் பயனில்லை. இதே உடம்பை, இதே பச்சை ரப்பரைப் போர்த்தி, ஆன்லைனில் நாலு பெயரில் விற்கிறார்கள். ஸ்டிக்கரும் பையின் நிறமும்தான் வேறு. விலையில் மட்டும் ஐயாயிரம் வரை வித்தியாசம். பெட்டியில் 20–60×80 என்று போட்டு, கண் வைக்கிற பகுதி 45 டிகிரி சாய்ந்து, எடை ஒன்றேமுக்கால் கிலோ இருந்தால் இதுதான் அது. நான் கொடுத்தது 17,500 ரூபாய். கூடவே ஒரு குட்டி ஸ்டாண்டு, போன் மாட்டும் கிளிப், துடைக்க ஒரு துணி, ஒரு பை. துணியைத் தவிர மற்ற மூன்றும் குப்பை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த அறுபது மடங்கைப் பற்றி. பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருப்பது அதைத்தான், எல்லோரும் காசு கொடுப்பதும் அதற்குத்தான். நானும் வந்த அன்றே மொட்டை மாடிக்கு ஏறி நேராக 60-க்குத் திருகினேன். தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காகம் பெரிதாகத்தான் வந்தது; ஆனால் பாலில் நனைத்த துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இதில் மர்மம் எதுவும் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. முன் லென்ஸ் 80 மில்லிமீட்டர். அதை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20-ல் 4 மில்லிமீட்டர், 25-ல் 3.2. 60-க்குப் போனால் 1.3 மில்லிமீட்டர்தான். நல்ல பகலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் திறந்திருக்கும்போது, அதில் பாதி அகலத்துக்கு வெளிச்சம் அனுப்பினால் படம் இருட்டத்தான் செய்யும். கண்ணை ஒரு இம்மி நகர்த்தினாலும் கறுப்பாகிவிடும். என்னைப் போலக் கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

ஆக, 25-ல் வையுங்கள். மிஞ்சிப்போனால் 30. நூறு மீட்டரில் இருக்கும் பறவை 25-ல் நாலு மீட்டரில் இருப்பது மாதிரி தெரியும். என் கவுண்டருக்கும் கடை வாசலுக்கும் உள்ள தூரம் அது. கவுண்டரில் இருந்துகொண்டே வாசலில் நிற்பவரின் சட்டைப் பித்தான் அறுந்திருப்பதைச் சொல்லிவிடலாம் இல்லையா, அந்த அளவுக்குக் கடற்காகத்தின் இறகு ஒவ்வொன்றும் பிரிந்து தெரிகிறது. எனக்குத் தேவை அதுதான்.

ஏன் கேமரா வேண்டாமா என்று தொழில் தெரிந்த நண்பர்கள் கேட்கிறார்கள். என்னிடம் கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் 70–200 லென்ஸ் இருக்கிறது. கடற்காகத்துக்கு அது காணாது. காணும் அளவுக்கு லென்ஸ் வாங்க வேண்டுமானால் ஸ்டூடியோவை விற்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. கேமராவை எடுத்தால் நான் சம்பாதிக்கிறவன் ஆகிவிடுகிறேன். பத்து கிளிக், அடுத்த பறவை, பத்து கிளிக். ஸ்கோப்பில் கிளிக் கிடையாது. ஒரே பறவையை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த ஸ்கோப்பைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்லது எல்லாமே அந்த முக்கால் மணி நேரத்தில் கிடைத்தது.

தனுஷ்கோடிக்கு வரும் கடற்காகங்களில் எனக்கு அதிகம் கிடைப்பது பழுப்புத்தலைக் கடற்காகம். வீட்டுக் காகத்தைவிடச் சற்றே பெரிது. லடாக்கில் சோ மோரிரி ஏரி, திபெத்துப் பீடபூமி, சீனாவின் சிங்ஹாய் ஏரி என்று எங்கோ மேலே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே இறங்கி வருகிறது. சோ மோரிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரம். அங்கே முட்டையிலிருந்து வந்த ஒன்று, நாலைந்து மாதத்தில் தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனை மணலில் வந்து நின்று கரைவலைக்காரர்கள் கொட்டும் காரப்பொடி மீனைப் பொறுக்குகிறது. மீன்காரர்களுக்கு இது எல்லாமே ஆலாதான். "ஆலாவைப் பார்க்கவா ராம்நாட்டுல இருந்து வர்றீக?" என்று முதல் வருடம் கேட்டார்கள். இப்போது, "என்னண்ணே, குழாயைக் காணோம், அடகு வச்சாச்சா?" என்கிறார்கள்.

மூன்றாவது குளிர்காலத்தில் எனக்கு ஒரு குஞ்சு மாட்டியது. இடது கால் ஜவ்வு கிழிந்து, நடு விரலும் வெளி விரலும் தனித்தனியாக நிற்கும். கிழிசல் என்று பெயர் வைத்துவிட்டேன். நவம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து மார்ச் கடைசி வரை, செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டுப் போனதில் ஒன்பது தடவை அது என் குழாயில் விழுந்தது. ஒரே பிள்ளையை முதல் பிறந்தநாளுக்கும் எல்கேஜி அடையாள அட்டைக்கும் காதுகுத்துக்கும் எடுக்கிற மாதிரி ஆகிவிட்டது.

நவம்பரில் பார்த்தபோது அதன் முதுகு பெரும்பாலும் சாம்பல் நிறமாக மாறியிருந்தது. கூட்டை விட்டுக் கிளம்பும்போது முதுகு முழுக்கப் பழுப்பாக, ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய கரை போட்டு, மீன் செதில் அடுக்கிய மாதிரி இருக்கும். அந்த முதல் உடுப்பு அவசரத்தில் தைத்தது. எல்லா இறகும் ஒரே நேரத்தில், கூட்டில் கிடைக்கிற தீனியை வைத்து முளைத்தாக வேண்டும். அதனால் நூல் நெருக்கம் குறைவு, சீக்கிரம் தேயும். பறக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தலை, உடம்பு, முதுகு இறகுகளை உதிர்த்துப் புதிது போட ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் சிறகின் பெரிய இறகுகளையும் வாலையும் தொடாது. இமயமலையைத் தாண்டி வரவேண்டிய வருடத்தில் அதை உதிர்த்தால் கதை முடிந்தது.

கிழிசலின் தோளுக்கு மேல் பழைய பழுப்பு இறகுகள் எட்டு மிச்சம் இருந்தன. 25-ல் வைத்து எண்ணினேன், சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் எண்ணினேன். சாம்பல் தரையில் எட்டு பழுப்பு ஓடு. சிறகின் முன்பக்கச் சிறு இறகுகள் எல்லாம் இன்னும் பழுப்பு. வால் நுனியில் பிரஷ் வைத்து இழுத்த மாதிரி கறுப்புப் பட்டை. வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு. பாஸ்போர்ட் போட்டோவில் காது தெரிய வேண்டும் என்று நான் எல்லோரையும் முடி ஒதுக்கச் சொல்வேன். இதற்குக் காது எங்கே என்று யாரோ மை வைத்தே காட்டிவிட்டார்கள். பெரிய பறவைகளுக்கும் குளிர்காலத்தில் அந்தப் பொட்டு உண்டு, அதனால் அதை வைத்து வயது சொல்ல முடியாது. கண்ணைப் பார்க்க வேண்டும். பெரியதின் கண் வெளிறிய மஞ்சள். குஞ்சின் கண் கரும்பழுப்பு. மூக்கும் காலும் பெரியதற்குச் சிவப்பு. குஞ்சுக்கு மூக்கு மங்கிய ஆரஞ்சு, நுனியில் கறுப்பு, கால் இன்னும் சோகை. இந்தக் கண் விஷயம் 8×42 பைனாகுலரில் எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. ஸ்கோப்பில் முதல் நாளே தெரிந்தது.

டிசம்பரில் எட்டு இரண்டாகிவிட்டது. அன்றைக்கு வெயில் மிதமாக இருந்தது, கிழிசல் ஒரு காலில் நின்று தோளைக் கோதிக்கொண்டிருந்தது. அலகை உள்ளே விட்டு, ஒரு இறகை அடியில் பிடித்து, நுனிவரை இழுத்து, அடுத்தது. நாலாவது இழுப்பில் அலகோடு ஒன்று வந்துவிட்டது. அது தலையை உதறியது, இறகு மணலில் விழுந்து காற்றில் உருண்டது. கூட்டம் கிளம்பிப் போன பிறகு நடந்து போய்த் தேடினேன். என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. அடிப்பக்கம் பஞ்சு, நடுவில் பழுப்பு, நுனியில் இருக்க வேண்டிய வெளிர்க் கரை அரித்துப்போய் ரம்பப்பல் மாதிரி இருந்தது. விரலை வைத்து போனில் ஒரு படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்த ரம்பப்பல்தான் ஜனவரியில் என் தப்பைத் திருத்தியது. ஜனவரி கடைசியில் கிழிசலின் சிறகில் இருந்த பழுப்பெல்லாம் வெளுத்து, வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. முதுகில் நடந்தது போலச் சிறகிலும் புது இறகு முளைக்கிறது என்று நினைத்து நோட்டில் அப்படியே எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் மனது ஒப்பவில்லை. அடுத்த வாரம் போய் 30-ல் வைத்து ஒவ்வொரு இறகின் ஓரமாகப் பார்த்தேன். எல்லாம் நைந்து, மூலை மூலையாகத் தேய்ந்திருந்தது. புது இறகாக இருந்தால் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். ஒரு இறகுகூட மாறவில்லை, வெயிலும் மணலும் உப்பும் சேர்ந்து இருந்த இறகையே வெளுத்திருக்கின்றன. ஸ்டூடியோ வாசலில் தொங்கவிட்ட கலர் போட்டோ ரெண்டு கோடையில் வெளுப்பதை முப்பது வருடமாகப் பார்க்கிறவனுக்கு இது உடனே உறைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் இந்தக் குழாய் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது. பறவை நிறம் மாறுவதற்கு வழி இரண்டு. பழையதை உதிர்த்துப் புதிது போடுவது ஒன்று, இருப்பதே தேய்ந்து வெளுப்பது இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, 'குஞ்சு வெள்ளையாகிக்கொண்டு வருகிறது' என்றுதான் தோன்றும். இறகின் ஓரம் தெரிகிற அளவுக்குப் படம் கூர்மையாக வந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். தேய்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கறுப்பு நிறமியான மெலனின் இருக்கும் இடம் உறுதி, வெள்ளைப் பகுதி சீக்கிரம் தேயும். கிழிசலின் வால் நுனியில் கறுப்புப் பட்டைக்குக் கீழே நவம்பரில் ஒரு மெல்லிய வெள்ளைக் கரை இருந்தது. பிப்ரவரியில் அந்தக் கரை காணாமல் போய்விட்டது, பட்டை அப்படியே இருந்தது. கடற்காகங்களின் சிறகு நுனி கறுப்பாக இருப்பதன் பலனும் இதுதான்.

மார்ச்சில் தலை மாற ஆரம்பித்தது. பெரிய பறவைகள் ஊருக்குத் திரும்பும் முன்பே பழுப்பு முக்காடு போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கிழிசலுக்கு அரைகுறையாகத்தான் வந்தது. குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளி புள்ளியாக நெற்றியில் பழுப்பு, கன்னத்தில் ஒரு தீற்று. பள்ளிக்கூடப் பையன் மீசையைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். சிறகும் வாலும் மட்டும் பிறந்தபோது போட்ட அதே பழையது. ஏப்ரல் முதல் வாரம் போனபோது கூட்டமே கிளம்பியிருந்தது. அடுத்த வருடம் ஜவ்வு கிழிந்த பெரிய பறவை ஒன்றைப் பார்த்தேன். ஆனால் கிழிந்த ஜவ்வு கடற்காகங்களில் ஒன்றும் அபூர்வம் இல்லை. அது இதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

சரி, குறைகள். வெள்ளைப் பறவை எந்த லென்ஸுக்கும் கடினமான பரீட்சை. கருநீலக் கடலுக்கு எதிரே வெள்ளைத் தலை வந்தால், ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு ஓடும். இந்த விலையில் அது இல்லாமல் கிடைக்காது. 25-ல் லேசாக, 40-க்கு மேல் அசிங்கமாக. விலை கூடிய ஈடி (ED) கண்ணாடி போட்ட ஸ்கோப்பில் இது வெகுவாகக் குறையும். இன்னொன்று, இதில் படம் கொஞ்சம் மஞ்சளடிக்கிறது. வாங்கியவுடன் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, வெறும் கண்ணாலும் ஸ்கோப்பாலும் மாற்றி மாற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். மூக்கு ஆரஞ்சா சிவப்பா என்று முடிவெடுக்கும்போது இந்த மஞ்சளைக் கழித்துக்கொள்ள வேண்டும். சாம்பல் நிறத்திலும் ஏமாறுவோம், ஆனால் அது ஸ்கோப்பின் தப்பு இல்லை. ஒரே பறவை வெயிலுக்கு முகம் காட்டி நின்றால் ஒரு சாம்பல், திரும்பினால் இன்னொரு சாம்பல்.

வெயில் என்றதும் கானல். அரிச்சல்முனையில் எட்டரை மணிக்கு மேல் மணல் சூடேறிவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த குழாயும் வேலைக்கு ஆகாது. பறவையின் வயிறு தண்ணீரில் ஆடுகிற மாதிரி நெளியும். மடங்கைக் கூட்டினால் நெளிவும் கூடும். நான் இருட்டோடு பைக்கை எடுத்துப் பாம்பன் பாலம் தாண்டி, செக்போஸ்ட் திறக்கிற நேரத்துக்குப் போய் நின்றுவிடுவேன். முனைக்குப் போய்ச் சூரியனுக்கு முதுகு காட்டி, வந்த பக்கமே திரும்பி மேற்கே பார்க்க வேண்டும். வலது பக்கம் பெண்கடல் என்கிற பாக் விரிகுடா, இடது பக்கம் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா. பெண்கடல் பக்கம் அலை குறைவு, பறவைகள் ஓரத்திலேயே உட்காரும். எல்லோரும் முனையில் நின்று இலங்கைப் பக்கம் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், நான் ஒருவன்தான் ரோட்டைப் பார்த்து நிற்பேன்.

கூட வந்த ஸ்டாண்டு ஒரு ஜாண் உயரம். மேஜைமேல் வைக்கலாம், தனுஷ்கோடியில் மேஜைக்கு எங்கே போக? மார்கழி வாடைக்காற்றில் லேசான ஸ்டாண்டு எதுவும் நிற்காது, 25 மடங்கில் பார்க்கும்போது காற்றின் நடுக்கமும் 25 மடங்கு தெரியும். கல்யாண வீடியோவுக்கு வைத்திருந்த என் பழைய கனத்த ட்ரைபாடைத்தான் கொண்டுபோகிறேன். காலை விரித்து, முழு உயரம் தூக்காமல், நடுத்தண்டில் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பித் தொங்கவிட்டால் அசையாது. ஸ்கோப்பை விட ஸ்டாண்டுக்குத்தான் முதலில் காசு போட வேண்டும் என்பேன். கண்பகுதி சாய்ந்த மாடலை எடுத்தது நல்லதாயிற்று. குனிந்து பார்க்கலாம், உட்கார்ந்தும் பார்க்கலாம், ஸ்டாண்டைத் தாழ்வாக வைக்கலாம்.

போன் கிளிப் மூன்றாவது நாளே திருகு வழுக்கிவிட்டது. வேறு கிளிப் தனியாக வாங்கி மாட்டினேன். போட்டோவாக எடுக்காதீர்கள், கை பட்டாலே ஆடும். வீடியோவை ஓட விட்டு, வீட்டுக்கு வந்து நல்ல பிரேமை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பறவை என்பதால் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகு வரியெல்லாம் வெளுத்து சுண்ணாம்புச் சுவர் மாதிரி வரும். கிழிசலின் நவம்பர், ஜனவரி, மார்ச் பிரேம்களை ஒரே தாளில் பிரிண்ட் போட்டுக் கடையில் ஒட்டியிருக்கிறேன். மூன்றும் ஒரே பறவை என்றால் கஸ்டமர்கள் நம்புவதில்லை.

பையின் ஜிப் ஒரே சீசனில் துருப்பிடித்தது. மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போக்கஸ் வளையத்தில் இரண்டாம் வருடம் மணல் புகுந்து கறகறவென்று சத்தம். பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக் கட்டியிருந்தால் தப்பித்திருக்கும், என் சோம்பல்.

பெரிய மனக்கசப்பு சர்வீஸில். இரண்டாவது மழைக்காலம் முடிந்து பார்த்தால் உள் லென்ஸில் ஆவி படிந்திருந்தது. உள்ளே நைட்ரஜன் அடைத்திருக்கிறோம், ஆவி படியவே படியாது என்று பெட்டியில் எழுதியிருந்தார்கள். விற்றவர்கள் சொன்ன சர்வீஸ் சென்டருக்கு கூரியரில் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து, 2,200 ரூபாய் பில்லோடு, உள்ளே ஒரு தூசியும் சேர்த்து அனுப்பினார்கள். நைட்ரஜன் திரும்ப அடைத்தீர்களா என்று போனில் கேட்டால், "சார், கிளீன் பண்ணிட்டோம் சார்" என்ற பதிலைத் தவிர வேறு இல்லை. அந்தத் தூசி இன்றைக்கும் படத்தின் வலது மேல் மூலையில் இருக்கிறது. பழகிவிட்டது. அதற்குப் பிறகு பழைய லென்ஸ்களுக்குச் செய்கிற வைத்தியத்தையே இதற்கும் செய்கிறேன்: இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே துணியில் முடிந்த நீல சிலிக்கா ஜெல். அது ரோஸ் ஆனதும் பழைய வாணலியில் வறுத்து நீலமாக்கித் திரும்பப் போடுவது. பங்கசு இதுவரை வரவில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் இதைச் செய்யாமல் எந்த லென்ஸையும் பீரோவில் வைக்காதீர்கள்.

60 மடங்கு எதற்குமே உதவவில்லையா என்றால், ஒரே ஒரு தடவை உதவப் பார்த்தது. காலில் உலோக வளையம் போட்ட கடற்காகம் ஒன்று வந்தது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல வருடமாகப் பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள், எண்ணைப் படித்து எழுதிப்போட்டால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 60-க்குத் திருகி, மூச்சைப் பிடித்து, இருபது நிமிடம் முயன்றேன். ஒரு 7 தெரிந்தது. 1 ஆகவும் இருக்கலாம். அத்தோடு பறந்துவிட்டது.

பெரிய ரகக் கடற்காகங்களில் இந்த ஸ்கோப் எனக்கு வேறொரு பாடம் நடத்தியது. சிறிய ரகங்களுக்கு முழு உடுப்பு வர ஏறக்குறைய இரண்டு வருடம். பெரிய ரகங்களுக்கு நாலு வருடம் ஆகும். ஆகவே பெரியதின் குஞ்சு முதல் குளிர்காலம் முழுக்கப் பழுப்பாகவே இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன். ஹியூக்ளின் கடற்காகக் குஞ்சுகள் அப்படித்தான் நின்றன: உடம்பெல்லாம் பழுப்புக் கீற்று, கறுப்பு மூக்கு. ஆனால் பருந்து அளவுக்கு ஒன்று, முதல் குளிர்காலத்திலேயே சாம்பல் முதுகோடு நின்றது. வால் பளிச்சென்று வெள்ளை, நுனியில் அகலமான கறுப்புப் பட்டை. சிறகில் பழுப்பு இறகுகள், எல்லாம் ஒரே வயது, அதனால் குஞ்சுதான். அது பெரிய கருந்தலைக் கடற்காகம். பெரிய ரகமாக இருந்தும் அது முதுகை அவசரமாக மாற்றிக்கொள்கிறது. பைனாகுலரில் பார்த்திருந்தால் இரண்டாம் வருடப் பறவை என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஜூன் மாதம் யாரும் கடற்காகம் பார்க்கப் போகமாட்டார்கள். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். போன ஜூனில் ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாண ஆர்டர், மறுநாள் காலை ஸ்கோப்போடு ஒரு எட்டுப் போய்வந்தேன். ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட பழுப்புத்தலைக் குஞ்சுகள் மூன்று நின்றன. ஒன்று சிறகை விரித்துச் சோம்பல் முறித்தபோது பார்த்தேன்: சிறகின் நடுவில் ஓட்டை. பறக்கும் இறகுகளில் உள்பக்கத்து இரண்டு புதிது, மூன்றாவது உதிர்ந்த இடத்தில் உறைக்குள்ளிருந்து புது இறகு எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் விரித்தபோது அங்கேயும் அதே இடத்தில் அதே ஓட்டை. இரண்டு பக்கமும் சமமாக, உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு போகிறது. பறப்பதற்கு எப்போதும் போதுமான இறகு மிச்சம் இருக்கும். நுனி இறகுகள் பிறந்தபோது போட்டவை, காப்பித்தூள் நிறத்துக்கு வெளுத்து நைந்திருந்தன. வால் பட்டையில் நடுவே இரண்டு இறகு புது வெள்ளை. ஒரு வருட உடுப்பு அன்றைக்குத்தான் கழன்றுகொண்டிருந்தது. காற்றில் ஸ்டாண்டு ஆடியதால் வீடியோ சரியாக வரவில்லை, கண்ணால் பார்த்ததோடு சரி.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். கண்ணாடிக்கு நாலு, கூட வந்த சாமான்களுக்கு ஒன்று, சர்வீஸுக்கு மார்க் போட மனமில்லை. இருபதாயிரத்துக்குள் வாங்க நினைத்தால் வாங்கலாம், ஆனால் இன்னொரு ஐயாயிரத்தை ஸ்டாண்டுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கடையில் கண் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் வளையத்தை மடக்கிவிட்டுப் பாருங்கள், வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று. கடற்காகத்துக்காக வாங்குகிறவர்கள் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்து கூரியர் தாமதமாகி டிசம்பரில் போய் நிற்காதீர்கள். நவம்பர் முதல் வாரத்துக்குள் மணலுக்குப் போய்விட்டால், குஞ்சுகளின் முதுகில் அந்தப் பழுப்பு ஓடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.